தோள் திரும்பாத யானை

3-10-91, வியாழன்

காலையிலேயே புழுக்கம். பஸ் லேட். ஸ்ரீபெரும்புதூர் வளைவில் மறுபடி போலீஸ் செக்கிங். மே மாதக் குண்டுவெடிப்பிலிருந்து இந்த ரோட்டில் இதே பாடு. என் பையில் டிபன் பாக்ஸ், குடை, தைக்கக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் துணி. துணியைக்கூட விரித்துப் பார்த்துவிட்டு "போம்மா" என்றான். போகாமல் அங்கேயே குடியிருக்கவா போகிறேன்.

கம்பெனியில் புதுச் சரக்கு. பக்கெட், மக், சோப்பு டப்பா தவிர வேறு எதையும் பார்த்திராத என் மேஜைமேல் இன்று ஒரு யானை. மெட்ராஸில் ஒரு சத்துமாவு கம்பெனி, அவர்கள் டி.வி. விளம்பரத்தில் வருகிற கார்ட்டூன் யானை. பெயர் பிம்பா. சும்மா இருக்கும்போது லாரி. திருடனைக் கண்டால் எழுந்து நின்று ரோபோ ஆகிவிடும். தீபாவளிக்கு ஒரு டப்பா மாவு வாங்கினால் ஒரு பிம்பா இலவசம். ஆர்டர் நமக்கு.

மு. (முதலாளி, ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுத எனக்குப் பொறுமை இல்லை) பன்னிரண்டு சாம்பிளைக் கொண்டுவந்து கொட்டினார். "ரெஜினா, நீ பாத்து ஓகே சொன்னாத்தான் ஓட்டுவேன்." பெரிய வார்த்தை. சரக்கைப் பார்த்து அனுப்புகிற செக்கிங் மேஜையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் என்னை இப்படி யாரும் கேட்டதில்லை.

பார்த்தது:
உயரம் – என் நடுவிரல் அளவு. நிறம் நீலம்.
பிளாஸ்டிக் – பக்கெட் சரக்கு இல்லை. ஸ்டைரீன் என்று ஏதோ புதுசு. பளபளப்பு. மேஜையில் தட்டினால் கண்ணாடி வளையல் சத்தம்.
சக்கரம் – ஓடுகிறது.
தும்பிக்கை – லாரியின் மூக்கைத் திறந்தால் உள்ளிருந்து வருகிறது. சிரிப்பு வந்துவிட்டது.
கால் – சரி.
தோள் – இறுக்கம். ரொம்ப இறுக்கம். லாரியின் இரண்டு பக்கப் பலகையும்தான் யானைக்குக் கை. அதைத் திருப்பி இறக்குவதற்குள் என் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

அஞ்சு வயதுப் பிள்ளை இதை எப்படித் திருப்பும் என்று கேட்டேன். மோல்டை (யானை வார்க்கிற இரும்பு அச்சு) திருத்த வேண்டுமென்றால் கிண்டிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டுமாம். போய் வருவதற்குள் தீபாவளி வந்துவிடுமாம். "பிளாஸ்டிக்குதானேம்மா, திருப்பத் திருப்ப லூசாயிடும்" என்றார். ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால்தானே தெரியும்.

தெருப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். கூடாதாம். வெளியில் தெரிந்தால் வேறு எவனாவது காப்பி அடித்துவிடுவானாம். நாலு பீஸைப் பையில் போட்டுக் கொடுத்தார். "உன் வீட்ல வெச்சுத் திருப்பிப் பாரு, அங்க யாரு வரப் போறா."

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால்தான் அந்தப் பேச்சு. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வலித்தது.

4-10, வெள்ளி

கெரசின் வரவில்லை. விறகு. கண் எரிச்சல்.

நேற்று யானையை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். எட்டு மாதமாக வீட்டில் கிடக்கிற மனிதர். இதே கம்பெனியில், ரெண்டாம் நம்பர் மிஷினில், வலது கையில் மூன்று விரல் போயிற்று. மிச்சம் கட்டைவிரலும் சுண்டுவிரலும். அந்தக் கையின்மேல் எப்போதும் ஒரு துண்டு. டீக்கடைக்குப் போவதில்லை. கோயிலுக்கு வருவதில்லை. யாராவது வந்தால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். அந்தோணி என்றால் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சத்தம் கேட்கும் என்பார்கள். இப்போது வீட்டில் சத்தம் என்றால் நான் பாத்திரம் போடுவதுதான்.

மிஷின் கதவைக் கம்பி போட்டுக் கட்டித் திறந்தபடி ஓட்டச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆர்டர் அவசரம் அன்றைக்கும். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு அங்கேயே வேலை இருக்கிறது.

"நாள் பூரா திருப்பிப் பாக்கணுமாம். எனக்கு எங்க நேரம். நீங்க பாருங்க" என்றேன்.

"இன்னா, என்னக் கொயந்தன்னு நெனச்சியா" என்று இடது கையால் வீசி எறிந்தார். கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். "கீழ போட்டா ஒடையுதான்னு வேற பாக்கணும்னு இருந்தேன். ஒடையல. ஒரு வேல முடிஞ்சுது." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

நாலையும் அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது மூன்றுதான் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

6-10, ஞாயிறு

பூசைக்குத் தனியாக. பங்குத் தந்தை "அந்தோணி எப்படி இருக்காப்ல" என்றார். "இருக்கார் ஃபாதர்."

மீன் வாங்கலாம் என்று போய் கருவாடு வாங்கி வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டக், டக் என்று சத்தம். நான் உள்ளே வந்ததும் சத்தம் நின்றது. துண்டுக்கு அடியில் கை. கையில் எதுவோ நீலமாகத் தெரிந்தது.

நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய் இல்லாத பாத்திரத்தைத் தேடினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். கருவாட்டை வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினேன்.

8-10, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "தா பாரு" என்றார். துண்டை எடுத்துவிட்டார். வலது கையில் யானை. கட்டைவிரலால் தள்ளினார். தோள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னொரு பக்கம். அதுவும். லாரி யானையாகி என் முன்னால் நின்றது.

"நாலும் திரும்புது. லூசாய்ச்சு. உங்க மொதலாளி சொன்னது சரிதான்."

அந்தக் கையை ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் வெளிச்சத்தில் பார்த்தது நேற்றுதான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வரவில்லை. "நல்லாத்தான் கீது" என்று மட்டும் சொன்னேன். முட்டை வாங்கி வந்து குழம்பு வைத்தேன்.

இன்று காலை மு.விடம் நாலையும் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, நான் சொன்னேன்ல." இது யார் திருப்பியது என்று சொன்னேன். எந்தக் கையால் என்றும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருமை.

மு. யானையை மேஜைமேல் வைத்தார். அப்புறம், "தீபாவளி கழிச்சு அந்தோணிய அசெம்பிளில வந்து ஒக்காரச் சொல்லும்மா. கை வேலதானே" என்றார். பாகங்களை மாட்டுகிற மேஜை.

ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாம்பிள் நாலும் உனக்கே என்றார். திரும்பிக் கொண்டுவந்து அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டோம். நிறுத்தியது அவர்.

9-10, புதன்

பிம்பா ஓடத் தொடங்கியாயிற்று. ரெண்டாம் நம்பர் மிஷினில்தான். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அசெம்பிளி மேஜையில் ஐந்து பெண்கள், கஸ்தூரிதான் தலைவி. தோளை அமுக்கி மாட்ட முடியவில்லை என்று முனகல். பிறகு கஸ்தூரி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இங்கே இது வழக்கம். பக்கெட்டுக்குக் கைப்பிடி மாட்டும்போது முனையில் ஒரு தொடு எண்ணெய், உடனே உள்ளே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கும் முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

"இன்னாக்கா, ஆனைக்கெல்லாம் எண்ண தேச்சு வுட்றோம்."

"இன்னிக்குப் பொதன். ஆம்பள எண்ண தேச்சிக்கிற நாளுதான். தேய்டி நல்லா."

ஷெட் முழுக்கத் தலை வாருகிற வாசனை. நானும் சிரித்தேன்.

வீட்டில் அவர் மறுபடி கேட்டார், மு. சரியாக என்ன சொன்னார் என்று. மூன்றாவது தடவை. "கை வேலதானேன்னாரா? அப்படியேவா சொன்னாரு?" செருப்புக்கு வார் மாற்ற வேண்டும் என்றார். காக்கிச் சட்டையை எடுத்துப் பார்த்து, "தொளதொளன்னு கீது, ஒடம்பு எறங்கிட்ச்சு" என்றார். எட்டு மாதமாகக் கண்ணாடி பார்க்காதவர்.

11-10, வெள்ளி

அலமாரி துடைத்தேன். முதல் யானையை எடுத்தால் கை தனியாக என் விரலில் வருகிறது. தோள் துளையைச் சுற்றி முடி மாதிரி கோடு கோடாக வெடிப்பு. ரெண்டாவது யானை, அதுவும். மூன்றாவதிலும் நாலாவதிலும் கோடு இருக்கிறது, கை இன்னும் விழவில்லை.

விரலை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

முதலில் கோபம் வரவில்லை. இன்னொரு தடவை மோந்தேன். அப்புறம்தான் கஸ்தூரியின் கிண்ணம் ஞாபகம் வந்தது.

"எண்ண போட்டீங்களா?"

"இல்ல."

"மோந்து பாருங்க."

மோந்து பார்க்கவில்லை. "போட்டேன். பக்கெட்டுக்குப் போட்றதில்லையா? அதுக்கு இன்னா இப்போ?"

"வெடிச்சிப் போய்க்கீது பாருங்க. லூசானது திருப்பித் திருப்பி இல்ல. எண்ணையால. எப்பப் போட்டீங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை, எனக்கு வாய் அடங்காது. மறுபடி கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"எனக்குத் திரும்பல ரெஜி. ரெண்டு நாளு முக்கிப் பாத்தேன். விரலு நிக்கவே மாட்டேங்குது. நீ வூட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணாவது திருப்பிக் காட்டணும்னு இருந்துது. போதுமா?"

போதும். போதும் என்று நினைத்துக்கொண்டே சோறு வடித்தேன். கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

12-10, சனி

காலையில் முதல் வேலை. ஆபீஸ் டிராயரில் மீதி எட்டு சாம்பிள், எண்ணெய் படாதவை. ஒன்றிலும் வெடிப்பு இல்லை. ஒன்றும் லேசில் திரும்பவும் இல்லை. அவற்றில் ஒன்றை நான் பகல் சாப்பாடு வரைக்கும் விடாமல் திருப்பினேன். லூசாகவில்லை. மு. சொன்னது தப்பு. நான் ஓகே போட்டதும் தப்பு.

புதன்கிழமை அடித்த பெட்டியைப் பிரித்தேன். பாதிக்குமேல் கோடு விழுந்திருக்கிறது. கஸ்தூரி முகம் வெளுத்துவிட்டாள். "பக்கெட்டு வெடிக்கலியேக்கா. எத்தினி வருசமா போட்றோம்." பக்கெட் பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் ஆகும், இதற்கு ஆகாது போலிருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லை, சரக்கு கொடுத்தவனும் சொல்லவில்லை. கிண்ணத்தை நானே எடுத்துக் கொட்டினேன்.

மு. அறைக்குப் போனேன். எண்ணெயால் வெடிக்கிறது என்றேன். திட்டினார், பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னார். "இனிமே எண்ண வேணாம். கையாலயே அமுக்கி மாட்டுங்க. அதான் திருப்பத் திருப்ப லூசாயிடுதே, அந்தோணியே திருப்பிட்டானே."

அங்கேதான் வாய் திறந்திருக்க வேண்டும். அந்தோணி திருப்பவில்லை சார். அவரால் முடியவில்லை. எண்ணெய் போட்டுத்தான் திருப்பினார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அசெம்பிளி மேஜையில் அவருக்கு இடம் கிடையாது. கை வேலைக்கு ஆகாத கை என்று என் வாயாலேயே ஆகிவிடும்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் உள்ள வாயெல்லாம் எனக்கு இருக்கிறது என்பார்கள். எங்கே போயிற்றோ.

மறுபடி மிஷின் ஓடுகிறது. இறுக்கமான தோளோடு. என் ஓகேயை வைத்து.

13-10, ஞாயிறு

மழை. கூரை ஒரு இடத்தில் ஒழுகல், சருவம் வைத்தேன். பூசைக்குப் போகவில்லை. போனால் முழங்கால் போட வேண்டும், போட்டால் இதைத்தான் நினைப்பேன்.

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவர் கேட்டார். எல்லாம் சொன்னேன். எண்ணெய் நிறுத்தியாயிற்று, இப்போது போகிற யானை எந்தப் பிள்ளைக்கும் திரும்பாது, பிள்ளை பலமாகத் திருப்பினால் யானையின் கை உடைந்து முனை கூராக நிற்கும், விரலைக் கிழிக்கும். அது நான் பார்த்து அனுப்பிய சரக்கு.

துண்டைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லாத ரெஜி."

"அப்பறம்?"

"தீவாளி வரைக்கும் சொல்லாத. நான் ஒருவாட்டி உள்ள போயி ஒக்காந்துட்டா போதும். அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருத்தரிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. சருவம் நிறைந்துவிட்டது, எடுத்துக் கொட்டினேன்.

14-10, திங்கள்

எப்படி எழுதுவது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டீ வந்து போன நேரம். வாட்ச்மேன் "ரெஜினாக்கா, ரெஜினாக்கா" என்று ஓடிவந்தான். பின்னாலேயே அவர். காக்கிச் சட்டை, கையில் துண்டு. எட்டு மாதம் கழித்து அந்தக் கேட்டுக்குள். கஸ்தூரியும் மற்றவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். ரெண்டாம் நம்பர் மிஷினைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி நடந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக மு. அறை. நான் பின்னாலேயே போனேன். கதவு திறந்தே இருந்தது.

"வா அந்தோணி, ஒக்காரு."

உட்காரவில்லை. "அந்த ஆன ஒண்ணு குடு சார். எண்ண போடாதது."

மு. என்னைப் பார்த்தார். டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வலது கையை மேஜைமேல், மு. முகத்துக்கு நேராக வைத்தார். யானையைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினார். வழுக்கி விழுந்தது. எடுத்தார். மறுபடி. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. வாசலில் மொத்தக் கம்பெனியும் நிற்கிறது. எனக்கு ஓடிப்போய் அதைப் பிடுங்கிவிட வேண்டும் போலிருந்தது.

"போதும் அந்தோணி."

"போதாது சார். நல்லாப் பாத்துக்க."

இன்னொரு தடவை. திரும்பவில்லை. யானையை மேஜைமேல் வைத்தார்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு இவ்ளோதான் சார் பெலம். எனக்கும் இவ்ளோதான். உன் மிஷினு மிச்சம் வெச்சது. என் பொண்டாட்டி ஓகே போட்டாள்ல, அது நான் போட்ட எண்ணையப் பாத்து. அவ மேல தப்பு இல்ல. நான் திருப்பல. எனக்குத் திரும்பல."

மு. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ரோட்டில் லாரி போகிற சத்தம். திரும்பாமலே, "மோல்ட எறக்குங்கப்பா" என்றார்.

பாவம் பார்த்தாரா, மெட்ராஸ்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்று பயந்தாரா தெரியாது. இரண்டும் இருக்கும். கம்பி போட்டுக் கட்டிய கதவும் ஞாபகம் வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும்.

மோல்டைக் கிண்டிப் பட்டறைக்கு டெம்போவில் ஏற்றும்போது மு. வெளியே வந்தார். "அந்தோணி, நீயும் கூடப் போ. அங்க கை மிஷின்ல ரெண்டு ரெண்டா அடிச்சுப் பாப்பாங்க. உன் கைக்குத் திரும்பினா எடுத்துட்டு வா. திரும்பாம கொண்டு வராத."

அவர் என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். "குடையும் எடுத்துக்கோங்க" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. டெம்போ போய்விட்டது.

அசெம்பிளி வேலையைப் பற்றி மு. ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

15-10, செவ்வாய்

விடாத மழை. அவர் ராத்திரி வரவில்லை. பட்டறையிலேயே படுத்திருப்பார். வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை.

கம்பெனியில் யானை வேலை இல்லை. ஆயுத பூஜைக்கு மிஷின் கழுவுகிறார்கள். நான் சும்மா சோப்பு டப்பா மூடி பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. அந்தக் கையைப் பட்டறைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதே ஓடிக்கொண்டிருந்தது. நல்ல விரல் இருக்கிற ஆளே கிடைக்கவில்லையா என்று எவனாவது கேட்டுவிட்டால்? எழுந்து வந்துவிடுவார். வந்தால் இனி வீட்டை விட்டு நகர மாட்டார்.

மத்தியானம் மு. கூப்பிட்டார். "கிண்டிலேந்து போன்." ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

கடைசல் மிஷின் சத்தம். அதற்குமேல் அவர் குரல், என்னிடம் இல்லை, அங்கே யாரிடமோ. "நீ திருப்பினா திரும்பும்யா, நீ பயில்வான். எனக்குத் திரும்பலன்றேன்ல. இன்னும் ஒரு மயிரிழ பெருசா கட அந்தப் பின்ன, அப்பத்தான் தோள் தொள பெருசா வுழும். டைம் ஆச்சுன்னா ஆவட்டும், எனக்கு இன்னா. உன் டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொதல்ல கட."

அங்கே எவனோ பதிலுக்குக் கத்துகிறான். இவர் அதைவிடச் சத்தமாக.

அப்புறம் என்னிடம்: "ரெஜியா? மூணு வாட்டி ஆவாதுன்னு திருப்பி வுட்டேன். வாய்க்கு வந்தபடி திட்றானுங்க. இன்னிக்கும் வர மாட்டேன், எனக்குச் சோறு வெக்காத." நான் பேசுவதற்குள் "டேய், அத எங்கடா எடுத்துனு போற" என்று யாரையோ அதட்டிக்கொண்டே வைத்துவிட்டார்.

ரிசீவரை வைக்கத் தோன்றாமல் நின்றேன். அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. மு. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு? அண்ணன் இன்னா சொல்லிச்சு?"

"இன்னும் திரும்பலையாம்" என்றேன்.